மேசையில் திரை வேண்டுமா? டி அண்ட் டி குழுவுக்கு நான்கு வழிகள்

"அண்ணா, டிவியைப் படுக்க வச்சு அதுல மேப் காட்டி விளையாடுறாங்களே, நாமளும் செய்யலாமா, இல்ல காசுக்குக் கேடா?" டி அண்ட் டி, அதாவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசியும் பகடை உருட்டியும் ஒரு கதைக்குள் விளையாடும் மேசை விளையாட்டு. அதை விளையாடுகிறவர்களிடமிருந்து கொஞ்ச நாளாக இந்தக் கேள்வி பல உருவங்களில் எனக்கு வந்துகொண்டிருக்கிறது. ஒருவர் புரொஜெக்டர் வாங்க முன்பணம் கட்டும் நிலையில் இருக்கிறார். இன்னொருவர் தொடுதிரை மேசையையே வெளிநாட்டிலிருந்து வரவழைக்கப் பார்க்கிறார். திருச்சியிலிருந்து எழுதிய ஒருவருக்கு, தொடங்கி மூன்று செஷன்கூட ஆகாத குழுவுக்கு இதெல்லாம் தேவையா என்று சந்தேகம். எல்லோருக்கும் சேர்த்தே இங்கே எழுதிவிடுகிறேன்.

எங்கள் குழுவில் என்னையும் சேர்த்து ஆறு பேர். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு, மதியம் மூன்று மணிக்கு உட்கார்ந்தால் இரவுச் சாப்பாடு வரை போகும். சென்னையில் இரண்டு பெட்ரூம் வீடு, விளையாடுவது சாப்பாட்டு மேசையில். ஏழு வருடமாக நான்தான் கேம் மாஸ்டர், அதாவது கதையைச் சொல்லி ஆட்டத்தை நடத்துகிறவன். சார்ட் பேப்பரில் தொடங்கினோம், நண்பரிடம் புரொஜெக்டர் கடன் வாங்கி இரண்டு மாதம் ஓட்டினோம், இப்போது படுக்க வைத்த 43 அங்குல டிவியில் விளையாடுகிறோம். தொடுதிரையை வேறொரு குழுவின் மேசையில் மூன்று செஷன் பார்த்தேன்.

## எதை வைத்து அளப்பது

முதல் கேள்வி விளையாட்டைப் பற்றியது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் ஒரு கட்டம் என்பது ஓர் அங்குலம், கதையில் அது ஐந்தடி. யார் எங்கே நிற்கிறார், எத்தனை அடி நகரலாம், தீ உருண்டை மந்திரம் யாரைத் தொடும் என்பதெல்லாம் அந்தக் கட்டத்தில்தான் முடிவாகும். இதே வகை விளையாட்டான பாத்ஃபைண்டரின் 2019இல் வந்த இரண்டாம் பதிப்பு இதில் இன்னும் கறார். ஆனால் 1981 முதல் விளையாடப்படும் கால் ஆஃப் கதுலு போன்ற திகில் விளையாட்டுகள் பெரும்பாலும் பேச்சிலும் பயத்திலும் நடப்பவை. உங்கள் குழு விளையாடுவது அந்த வகை என்றால், இந்தக் கட்டுரையில் வருகிற எந்தச் செலவும் உங்களுக்குத் தேவைப்படாது. நல்ல விளக்கு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது மறைப்பு. பிளேயர்கள் இன்னும் பார்க்காத அறைகளை இருட்டில் வைத்திருந்து, கதவு திறக்கத் திறக்கக் காட்டுவது. திரையின் உண்மையான பலம் இதுதான் என்பது என் கருத்து. அழகான மேப்பை அச்சடித்தும் கொண்டுவந்துவிடலாம். ஆனால் அச்சடித்த மேப்பில் அடுத்த அறை எப்போதும் தெரிந்துகொண்டேதான் இருக்கும்.

மூன்றாவது, கேம் மாஸ்டரின் நேரம். கடை ரசீதில் இது வராது என்பதால் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. நான்காவது, மேசையில் இடம்: கேரக்டர் ஷீட் (அவரவர் பாத்திரத்தின் விவரத் தாள்), பகடை, காபி டம்ளர், முறுக்குத் தட்டு எல்லாம் எங்கே போகும்? ஐந்தாவது, எனக்கு இதுவே முக்கியம்: விளையாடுகிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்களா? பணத்தைக் கடைசியில் வைக்கிறேன். பணம் முக்கியமில்லை என்பதால் அல்ல. மேலே உள்ள ஐந்துக்கும் பதில் தெரிந்துவிட்டால் பணத்தின் முடிவு தானாகவே வந்துவிடும்.

## வழி 1: விரிப்பும் மார்க்கரும்

கட்டம் போட்ட வினைல் விரிப்புகளைச் செசெக்ஸ் போன்ற நிறுவனங்கள் நெடுநாளாக விற்கின்றன. இறக்குமதி விலை கொடுக்க மனமில்லாதவர்களுக்கு நம் ஊரில் அருமையான மாற்று இருக்கிறது: ஃப்ளெக்ஸ் கடை. நான்கடிக்கு மூன்றடி அளவில், அங்குலத்துக்கு ஒரு கோடு போட்ட படத்தைப் பென் டிரைவில் கொண்டுபோங்கள். "அளவை மாத்தாம அப்படியே அடிங்க" என்று இரண்டு தடவை சொல்லுங்கள். கடைக்காரர் ஓரத்தைச் சரிக்கட்டக் கொஞ்சம் இழுத்துவிட்டால் கட்டம் ஓர் அங்குலமாக இருக்காது, மினியின் (பாத்திரத்துக்கு அடையாளமாக வைக்கும் குட்டிப் பொம்மையின்) அடித்தட்டு கோட்டை மிதித்துக்கொண்டே நிற்கும். மேலே, சாப்பாட்டு மேசைக்குப் போடுகிற கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் ஷீட்டை விரித்தால் வேலை முடிந்தது. மொத்தமும் ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும்.

மறைந்திருக்கும் செலவு மார்க்கரில்தான். வினைல் விரிப்பில் நேரடியாக ஒயிட்போர்டு மார்க்கரால் எழுதினால் கறை நிரந்தரமாகத் தங்கிவிடும். தண்ணீரில் அழியும் ஓஹெச்பி மார்க்கர் வாங்குங்கள். அதிலும் அழியாத வகை ஒன்று உண்டு, உறையைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். சிவப்பு மையை ஒரு வாரம் விட்டுவைத்தால் எதனாலும் போகாது.

விரிப்பின் பெருமை அவசரத்தில் தெரியும். பிளேயர்கள் நீங்கள் நினைக்காத இடத்துக்குப் போனால் நான்கு கோடு, ஒரு வட்டம், "இது கிணறு" என்று எழுதினால் போதும், சண்டை ஆரம்பித்துவிடும். மறைப்புக்கு மட்டும் வழியில்லை. காகிதத் துண்டுகளால் மூடி வைக்கலாம். மின்விசிறி அதையும் தூக்கிக்கொண்டு போகும்.

## வழி 2: படுக்க வைத்த டிவி

என் மேசையில் இருப்பது இதுதான் என்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

அளவு. 43 அங்குலத் திரையில் படம் தெரியும் பரப்பு சுமார் 37.5க்கு 21 அங்குலம். அதாவது நீளவாக்கில் 37 கட்டம், குறுக்கே 21. 32 அங்குலத்தில் 28க்கு 15 கட்டம்தான் கிடைக்கும். தீ உருண்டையின் குறுக்களவே எட்டுக் கட்டம், 32 அங்குலத்தில் பாதி உயரத்தை அது ஒன்றே தின்றுவிடும். 55 அங்குலம் 48க்கு 27 கட்டம் தரும், ஆனால் நம் வீட்டு மேசைகளில் அது மேசையையே மூடிவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. அதனால் வரிக்காக 32இல் நிற்க வேண்டிய காரணம் இப்போது இல்லை.

இடம். வாங்குவதற்கு முன் மேசையை அளந்து பாருங்கள். ஆறு பேர் உட்காரும் சாப்பாட்டு மேசை பெரும்பாலும் ஐந்தடிக்கு மூன்றடி இருக்கும். 43 அங்குல டிவியின் வெளிச்சட்டம் குறுக்கே ஏறக்குறைய 22 அங்குலம். மூன்றடியில் அது போக மீதி 14, பக்கத்துக்கு ஏழு. ஓர் ஏ4 தாளைக் குறுக்காகப் படுக்க வைத்தாலே எட்டேகால் அங்குலம் வேண்டும். ஆக, நீளப் பக்கத்தில் உட்காருகிறவர்களின் கேரக்டர் ஷீட் மேசையில் நிற்காது. நாங்கள் பரீட்சை அட்டை வாங்கி மடியில் வைத்துக்கொள்கிறோம். காபிக்குப் பக்கத்தில் தனி ஸ்டூல்.

உயரமும் ஏறும். டிவியை ஒரு பிளைவுட் பெட்டிக்குள் வைத்தால் மேசை மேல் நாலைந்து அங்குலம் கூடும், உட்கார்ந்திருப்பவருக்குத் திரை நெஞ்சுக்கு வந்துவிடும். நாற்காலிக்குக் குஷன் போட்டுச் சமாளித்தோம். மேசையை வெட்டி டிவியை உள்ளே இறக்குவது பார்க்க அழகுதான், ஆனால் ஐந்து வருடம் கழித்து டிவி போனால் அதே அளவில் வேறொன்று கிடைப்பது கஷ்டம். தனிப் பெட்டியாகச் செய்தால் விளையாட்டு முடிந்ததும் தூக்கிச் சுவரோரம் சாய்த்துவிடலாம். டிவியின் எடை சுவரில் மாட்டும் திருகு துளைகளில் தாங்கும்படி குறுக்குச் சட்டம் வைக்கச் சொல்லுங்கள். பின்புறப் பிளாஸ்டிக் மீது எடையைப் போடக் கூடாது.

சூடு. டிவி நிமிர்ந்து நிற்கத்தான் செய்யப்பட்டது. சூடு மேலே ஏறி வெளியே போகும்படி துளைகள் இருக்கும். படுக்க வைத்தால் சூடு அடியில் தேங்கும். பெட்டியின் நான்கு பக்கமும் துளை, அடியில் இரண்டு அங்குல இடைவெளி, ஒரு சிறிய கம்ப்யூட்டர் ஃபேன். சென்னை மே மாதத்தில் இந்த மூன்றும் இல்லாமல் நான்கு மணி நேரம் ஓட்ட எனக்குத் துணிச்சல் இல்லை. இப்படிப் படுக்க வைத்துப் பழுதானால் வாரண்டியில் வாதாட முடியாது என்பதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மேல்மூடி. திரையில் நேரடியாக மினியை வைக்கக் கூடாது. அக்ரிலிக் ஷீட் எடை குறைவு, கீறல் சீக்கிரம் விழும். அந்த அளவுக்கு 5 மில்லிமீட்டர் கண்ணாடி ஏழு கிலோ வரும், பகடை விழும்போது சத்தம் காதைத் துளைக்கும். நான் மேட் அக்ரிலிக் போட்டிருக்கிறேன். அது திரையைத் தொடாமல் பெட்டியின் விளிம்பில் உட்கார வேண்டும். தொட்டால் அழுத்தும் இடத்தில் நிறம் பிசிறும். இடைவெளி அதிகமானாலும் சிக்கல்: சாய்ந்து பார்ப்பவருக்கு மினி ஒரு கட்டத்திலும் படம் இன்னொரு கட்டத்திலும் தெரியும்.

மேட் ஏன் என்றால், டியூப் லைட். பளபளப்பான ஷீட் போட்ட முதல் நாள், நிலவறை மேப்பின் நடுவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வெள்ளையாக ஒரு கோடு. எந்தப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாலும் அந்தக் கோடு கூடவே வந்தது. இப்போது டியூப்பை அணைத்துவிட்டு மூலையில் ஒரு நிலை விளக்கு மட்டும் எரியவிடுகிறோம்.

பேனல். நாலு பக்கமும் ஆட்கள் உட்காருவதால் பக்கவாட்டிலிருந்து நிறம் வெளிறாத ஐபிஎஸ் பேனல் நல்லது. விஏ பேனல் நேராகப் பார்க்கச் சிறப்பு, ஓரத்தில் இருப்பவருக்கு இருட்டு சாம்பலாகிவிடும். ஓஎல்இடி எந்தக் கோணத்திலும் அழகு, ஆனால் ஒரே கட்டக்கோடுகள் மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும்போது திரையில் அவை தழும்பாகப் பதியும் ஆபத்து உண்டு. அந்தப் பணத்துக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மென்பொருள். டிவி என்பது லேப்டாப்பின் இரண்டாவது திரை, அவ்வளவுதான். மேப்பைக் காட்டி மறைக்கும் வேலையை லேப்டாப்பில் ஓடும் மென்பொருள் செய்யும். 2020இல் வந்த ஃபவுண்டரிக்கு ஒரே தடவை 50 டாலர், கேம் மாஸ்டர் மட்டும் வாங்கினால் போதும், சொந்தக் கணினியில் ஓடும், இணையம் அறுந்தாலும் விளையாட்டு நிற்காது. ரோல்20 உலாவியில் ஓடும், இலவசக் கணக்கு உண்டு, ஆனால் வெளிச்சமும் பார்வையும் தானாகக் கணக்கிடும் வசதி சந்தாவில்தான். ஆவுல்பேர் ரோடியோ எளிமையானது, மேப்பைப் போட்டு மறைத்துத் திறந்தால் போதும் என்பவர்களுக்கு. மேப்டூல் முழுக்க இலவசம், கற்றுக்கொள்ளப் பொறுமை வேண்டும். எதில் செய்தாலும் "மேசை" என்று ஒரு பிளேயர் கணக்கு உருவாக்கி, எல்லாக் கேரக்டர்களின் பார்வையையும் அதற்குக் கொடுத்து, அந்த ஜன்னலை டிவிக்கு இழுத்துவிடுங்கள். உங்கள் ரகசியங்கள் லேப்டாப்பிலேயே இருக்கும்.

அளவைச் சரிசெய்ய: 43 அங்குல 4கே திரையில் ஓர் அங்குலத்துக்கு 102 பிக்சல் வரும். கணக்கு போட்டபின் ஒரு ஸ்கேலை வைத்துச் சரிபாருங்கள். டிவி படத்தின் ஓரத்தை வெட்டிப் பெரிதாக்கிக் காட்டும் பழக்கம் உடையது, அந்த அமைப்பை முதலில் அணையுங்கள். அறை வெளிச்சத்துக்கு ஏற்பத் தானாக மங்கும் அமைப்பையும் அணைத்துவிடுங்கள்.

இப்போது நல்ல பக்கம். எங்கள் கேம்பெயினில், அதாவது பல செஷன் நீளும் தொடர்கதையில், ஒரு பாழடைந்த கோட்டை. மேப் முழுக்கக் கறுப்பு, தீப்பந்தம் பிடித்திருக்கும் கேரக்டரைச் சுற்றி மட்டும் வெளிச்சம். கதவைத் திறந்தார்கள். வெளிச்சம் தரையில் நீண்டு போய் ஒரு தூணில் மோதி நின்றது, தூணுக்குப் பின்னால் ஏதோ ஒன்றின் வால் நுனி மட்டும் தெரிந்தது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பகடையை உருட்டக் கை நீட்டிய பெண் அப்படியே கையை நிறுத்திவிட்டாள். சார்ட் பேப்பரில் எத்தனை வருடம் வரைந்தும் அந்த மௌனம் எனக்குக் கிடைத்ததில்லை.

ஆனால் ஒன்று. ஒரே திரையை எல்லோரும் பார்ப்பதால், ஒருவர் பார்த்ததை எல்லோரும் பார்த்தாக வேண்டும். திருடன் தனியாக முன்னே போய் வேவு பார்த்தால், பின்னால் நிற்கும் நால்வருக்கும் அது தெரிந்துவிடும். ஆளுக்கொரு லேப்டாப் வைத்து விளையாடும்போது இந்தக் குறை இல்லை.

கெட்ட பக்கத்தையும் சொல்கிறேன். விரிப்புக் காலத்தில் ஒரு செஷனுக்கு நான் தயாராக எடுத்தது ஒரு மணி நேரம். டிவி வந்தபின் மூன்று. மேப் தேட வேண்டும், சுவர்களை வரைய வேண்டும், விளக்குகளை வைக்க வேண்டும். சுவர்கள் போட்டே வரும் மேப்புகளை வாங்கினால் நேரம் மிச்சம், காசு செலவு. ஒரு ஞாயிறு நான் அப்படி மூன்று மணி நேரம் உழைத்து ஒரு கல்லறைக் குகை தயார் செய்திருந்தேன். பிளேயர்கள், தங்களைக் குகை வாசலுக்கு அழைத்து வந்த படகோட்டியின் கதையில் மனம் போய், "இவரு பொண்ணைத் தேடுவோம்" என்று ஆற்றின் மறுபக்கம் போய்விட்டார்கள். அங்கே என்னிடம் மேப் இல்லை. என் மனம் அவர்களைக் குகைக்குள் திருப்பி இழுக்க என்னென்னவோ வழி தேடியது. அந்த நொடியில் பயந்துவிட்டேன். பிளேயர் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்பதுதான் இந்த விளையாட்டின் உயிர். நான் செய்து வைத்த மேப்புக்காக அந்த உரிமையைப் பறிக்கப் பார்த்தேன். கடைசியில் டிவியை அணைத்து, அக்ரிலிக் மேலேயே ஓஹெச்பி மார்க்கரால் ஆற்றங்கரையை வரைந்தேன். அன்றைய ஆட்டம் எங்கள் சிறந்த ஆட்டங்களில் ஒன்று.

அதற்குப் பிறகு இரண்டு பழக்கங்கள் வைத்திருக்கிறேன். வெறும் கட்டம் மட்டும் போட்ட காட்சி ஒன்று எப்போதும் தயாராக இருக்கும், அதன்மேல் அப்படியே மார்க்கரால் வரைந்துகொள்ளலாம். அப்புறம், பேச்சு நடக்கும் காட்சிகளில் திரையை முழுக்கக் கறுப்பாக்கிவிடுவேன். ஒளிரும் திரை இருந்தால் கண்கள் அதிலேயே கிடக்கும். கறுப்பானதும் தலைகள் தானாக நிமிரும்.

## வழி 3: மேலிருந்து புரொஜெக்டர்

மேசை முழுதாக மிஞ்சும், காபி கொட்டினாலும் பதறவேண்டாம், முப்பரிமாணச் சுவர்களும் மரங்களும் வைத்தால் படம் அவற்றின் மேலும் படியும். இவை உண்மையான நன்மைகள். ஆனால் நம் வீடுகளில் முதல் கேள்வி: சாப்பாட்டு மேசைக்கு நேர் மேலே என்ன இருக்கிறது? மின்விசிறி.

தூரக் கணக்கைப் பாருங்கள். படத்தின் அகலத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரம் கேட்கும் சாதாரணப் புரொஜெக்டர் 37.5 அங்குலப் படத்துக்கு 56 அங்குல உயரத்தில் இருக்க வேண்டும். மேசையின் 30 அங்குலத்தைக் கூட்டினால் தரையிலிருந்து ஏழடிக்குக் கொஞ்சம் மேலே. விசிறிக்கும் ஆட்களின் தலைக்கும் இடையில் அது தொங்கும். குறைந்த தூரத்தில் பெரிய படம் காட்டும் ஷார்ட் த்ரோ வகை வாங்கினால் லென்ஸ் மேசைக்கு இரண்டடிக்கும் கீழே வந்துவிடும், யாரும் குனிந்து மினியை நகர்த்த முடியாது. ஆக இந்த வேலைக்கு சாதாரண வகைதான் பொருத்தம். நாங்கள் மேசையை ஹாலின் மூலைக்கு நகர்த்தி, அலமாரியிலிருந்து நீட்டிய இரும்புக் கையில் மாட்டினோம். விசிறி ஓடும்போது படம் லேசாக நடுங்கியது. விசிறியை நிறுத்தினால் நாங்கள் வியர்த்தோம்.

விளக்கு வகைப் புரொஜெக்டர்கள் பலவற்றை நேர் கீழ்நோக்கி வைக்கக் கூடாது, கையேட்டில் எழுதியிருக்கும். வாங்குமுன் பார்த்துவிடுங்கள்.

எனக்குப் பெரிய குறையாகப் பட்டது வேறு. புரொஜெக்டரால் கறுப்பைக் காட்ட முடியாது. கறுப்பு என்றால் அங்கே ஒளி விழவில்லை என்றுதான் பொருள், அறையில் வெளிச்சம் இருந்தால் அந்த இடம் மேசையின் நிறத்திலேயே தெரியும். மறைப்புதான் திரையின் பலம் என்று சொன்னேன் அல்லவா? அந்த இடத்திலேயே இது தளர்கிறது. முழு இருட்டில் விளையாடலாம், அப்போது கேரக்டர் ஷீட்டைப் படிக்க முடியாது. தவிர, கை நீட்டியவரின் நிழல் அரக்கனை மூடும்.

பெரிய தனி அறை, வெள்ளை மேசை, கட்டட மாதிரிகள் செய்வதில் ஆசை உள்ள ஒருவர் குழுவில் இருக்கிறார் என்றால் புரொஜெக்டர் டிவியை வெல்லும். அப்படி ஒரு குழுவைப் பார்க்க எனக்கே ஆசை.

## வழி 4: தொடுதிரை மேசை

விரலால் தொட்டு நகர்த்தும் மேசை பழைய கனவு. மைக்ரோசாஃப்ட் 2008இல் விற்கத் தொடங்கிய சர்ஃபேஸ் மேசை 30 அங்குலத் திரை, உள்ளே ஐந்து அகச்சிவப்புக் கேமராக்கள், விலை ஏறக்குறைய 10,000 டாலர். கார்னகி மெலன் பல்கலைக்கழக மாணவர்கள் 2009–10இல் அதன்மேல் சர்ஃபேஸ்ஸ்கேப்ஸ் என்று டி அண்ட் டியையே ஓட்டிக் காட்டினார்கள். மினியை வைத்தால் அது யார் என்று மேசைக்குத் தெரியும். அடித்தட்டில் ஒட்டிய குறியைக் கீழே இருக்கும் கேமரா படித்தது.

இன்று வீட்டுக்கு வாங்கும் தொடுதிரைகளில் அந்தக் கேமரா இல்லை என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. டிவி மேல் பொருத்தும் அகச்சிவப்புச் சட்டம், விளிம்பிலிருந்து விளிம்புக்கு ஓடும் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கற்றைகளை எது மறைக்கிறது என்று மட்டும் பார்க்கும். விரல், மினி, பகடை, சட்டைக் கை, கீழே விழுந்த பென்சில் எல்லாம் அதற்கு ஒன்றுதான். பல சட்டங்கள் ஒரே சமயத்தில் பத்து அல்லது இருபது புள்ளிகளைத்தான் கணக்கில் எடுக்கும். ஐந்து கேரக்டர், பத்து காப்ளின் (குட்டி அரக்கர்கள்) என்றாலே பதினைந்து. நான் பார்த்த செஷனில் ஒருவர் மேப்பின் மேல் பகடை உருட்டினார். மேப் சட்டென்று வழுக்கி ஒரு பக்கம் ஓடியது, எல்லா மினிகளும் சுவருக்குள் நின்றன.

மொபைலில் இருப்பதுபோன்ற கெபாசிடிவ் திரை என்றால் நிலைமை தலைகீழ். விரல் மட்டுமே தெரியும், பிளாஸ்டிக் மினி அதற்குக் கண்ணுக்கே தெரியாது. பகடையும் உருட்டலாம். ஆனால் வெளிச்சம் மினியோடு நகர வேண்டுமென்றால் மினியையும் நகர்த்தி, திரைக்குள் இருக்கும் உருவத்தையும் நகர்த்த வேண்டும். மினியே இல்லாமல் திரை உருவங்களோடு மட்டும் விளையாடும் குழுவுக்கு இது உண்மையிலேயே நன்றாக இருக்கும். குழந்தைகள் உள்ள குழுவுக்கும்.

முழுசாகச் செய்தே வருகிற மேசைகள் பெரும்பாலும் போர்டு கேமுக்காக வந்தவை. 2020இல் கிக்ஸ்டார்ட்டரில் வந்த ஆர்கேட்1அப்பின் இன்ஃபினிட்டி கேம் டேபிள் 24, 32 அங்குலங்களில் வந்தது. கட்டக் கணக்கில் 32 எவ்வளவு சின்னது என்று மேலே பார்த்தோம். இறக்குமதி வரி, கப்பல் கூலி, இங்கே பழுதுபார்க்க ஆள் இல்லாதது எல்லாம் சேரும். ஒரு நிறுவனத்தின் மென்பொருளை மட்டும் நம்பி ஒரு பொருள் வாங்குவதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. டி அண்ட் டியின் சொந்தக்காரர்களான விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் 2025இல் சிஜில் என்ற முப்பரிமாண மேசை மென்பொருளை வெளியிட்டு, சில வாரங்களிலேயே அதை உருவாக்கிய குழுவில் பெரும்பாலானவர்களை வேலையிலிருந்து நீக்கியது. சாதாரண டிவிக்கு அந்தப் பயம் இல்லை. எந்த மென்பொருள் போனாலும் ஹெச்டிஎம்ஐ துளை அங்கேயே இருக்கும்.

## ஒரே பார்வையில்

| | விரிப்பு | படுக்கை டிவி | புரொஜெக்டர் | தொடுதிரை |
|---|---|---|---|---|
| முதல் செலவு | ஆயிரத்துக்குள் | எனக்கு ஆனது: டிவி 27,000, பெட்டியும் அக்ரிலிக்கும் 6,500 | டிவி அளவுக்கோ மேலோ, மாட்டும் செலவு தனி | டிவி செலவுக்கு மேல் சட்டத்தின் விலை, தயார் மேசை என்றால் பல மடங்கு |
| ஒரு செஷனுக்குத் தயாரிப்பு | 1 மணி நேரம் | 3 மணி நேரம் | 3 மணி நேரம் | 3, கூடவே சோதித்துப் பார்க்கும் நேரம் |
| மறைப்பு | கிட்டத்தட்ட இல்லை | மிக நன்று | இருட்டறையில் மட்டும் | மிக நன்று |
| திடீர் திருப்பம் | மிக நன்று | வெற்றுக் கட்டம் தயாராக இருந்தால் சரி | காகிதம் விரித்து வரையலாம் | சுமார் |
| மேசையில் இடம் | முழுதும் | நெருக்கடி | முழுதும் | நெருக்கடி |
| கரண்ட் போனால் | விளையாடலாம் | இன்வெர்ட்டர் தாங்கும் | கொஞ்சம் கஷ்டம் | இன்வெர்ட்டர் தாங்கும் |

43 அங்குல எல்இடி டிவி நூறு வாட்டை ஒட்டித்தான் இழுக்கும். நான்கு மணி நேரத்துக்கு அரை யூனிட்கூட வராது, அதனால் கரண்ட் பில்லை நினைத்துத் தயங்க வேண்டாம்.

## யாருக்கு எது

புரொஜெக்டருக்கு முன்பணம் கட்டப் போகிற கோவை வாசகருக்கு: மாடியில் தனி அறை, விசிறி மூலையில் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் தைரியமாக வாங்கலாம், ஆனால் கீழ்நோக்கி வைக்கலாமா என்று கையேட்டைப் பார்த்துவிட்டு. ஜன்னலுக்குக் கனத்த திரைச்சீலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தொடுதிரை மேசை வரவழைக்க நினைப்பவருக்கு: உங்களிடம் நாற்பது மினி கைப்பட வண்ணம் தீட்டியது இருப்பதாகச் சொன்னீர்கள். அந்த மினிகளுக்கும் தொடுதிரைக்கும் ஒத்துவராது. அதே பணத்தில் கால்வாசிக்கு டிவியும் பெட்டியும் செய்துவிட்டு, மீதியை நல்ல மேப்புகளுக்கு வையுங்கள். திரையில் இருக்கும் உருவங்களை மவுஸால் நகர்த்தும் வேலையைப் பிளேயர்களில் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். எங்கள் குழுவில் அதைச் செய்பவர், சண்டையில் தன் முறை வரும்வரை சலிப்பாக இருக்கிறது என்று முன்பு சொல்லிக்கொண்டிருந்தவர்.

திருச்சி வாசகருக்கு: வாடகை வீடு, இரண்டு வயதுக் குழந்தை, மூன்று செஷன் வயதான குழு. இப்போது ஃப்ளெக்ஸ் கடைக்குப் போங்கள். வீட்டில் சும்மா கிடக்கும் 24 அங்குல மானிட்டரை மேசை ஓரத்தில் நிமிர்த்தி வைத்து, ஊரின் படம், அரக்கனின் முகம், யாருடைய முறை என்ற பட்டியல் இவற்றை மட்டும் காட்டுங்கள். குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். ஆறு மாதம் கழித்தும் ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்துகொண்டிருந்தால், உங்கள் மேசையின் நீள அகலத்தை எழுதுங்கள். பெட்டியின் அளவுகளை வரைந்து அனுப்புகிறேன், அப்படியே ஆசாரியிடம் காட்டிவிடலாம்.